பச்சையாகத்தான் இருந்தது

பிணவறையிலிருந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தபோது கால்மாட்டைப் பிடிக்கக் கோபி கை நீட்டினான். தேவா அந்தக் கையைத் தட்டிவிட்டான். கோபமாகக்கூடத் தட்டவில்லை, சோற்றில் உட்கார வந்த ஈயை விரட்டுவது போலத்தான். ஆனால் திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த குப்பத்து ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். புனிதாவும் பார்த்தாள்.

கோபி அவள் புருஷன், தேவா அவள் தம்பி. வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டிருந்தவர் அக்கா தம்பி இருவருக்கும் அப்பா, நடராசன். விடியற்காலையில் கடலுக்குப் போனவர். வெயில் ஏறுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. அவசரமாகக் கரை திரும்பும்போது அலை ஃபைபர் போட்டைப் புரட்டிப் போட்டது. கூடப் போன மாயவன் நீந்திக் கரையேறிவிட்டார். அப்பாவின் பின்மண்டையில் போட்டின் விளிம்பு அடித்திருந்தது.

அமரர் ஊர்தியில் புனிதாவுக்கு எதிரே மாயவன் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. வண்டி மரக்காணம் ரோட்டில் திரும்பியதும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அண்ணன் போனைப் பாத்துட்டுதாம்மா கெளம்பனாரு. எனக்கு என்னமோ வானம் புடிக்கல. வேணாண்ணேன்னேன். மத்தியானம் வரைக்கும் பச்சையா கீதுடா, உனுக்கு எப்பவும் பயந்தான்னாரு. எங்கிட்டயும் காமிச்சாரு. பச்சையாதான் இருந்துச்சு."

தேவா தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "இப்போ பாரு சித்தப்பா. இன்னா கலரு கீது?"

மாயவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "செவப்பு."

"காலையில பச்ச. செத்தப்புறம் செவப்பு." தேவா புனிதாவின் பக்கம் திரும்பினான். "எப்படிக்கா மாறும்? யாராச்சும் மாத்துனாதான மாறும்?"

புனிதா பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கோபியின் பைக் வண்டிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. முதுகில் அந்தக் கறுப்பு லேப்டாப் பை. மாமனார் செத்த வீட்டுக்கு அதை எதற்கு மாட்டிக்கொண்டு வருகிறான்?

கோபிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். நகைக்கடை, மயிலத்துக் காலேஜ், விழுப்புரத்து ரைஸ்மில் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்பான். நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்துப் பிள்ளை. கடல் பக்கத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். புனிதாவின் அப்பா ஒரு வருஷம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இலையில் மீனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் காற்றைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

கோபி செய்து கொடுத்தான். முதலில் தினமும் சாயங்காலம் மறுநாளைக்கான படத்தைக் குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அது அசையாத படம். ஒரு நாளைக்கு ஒரு கோடு. காற்று குறைவாக இருந்தால் பச்சை, அதிகமானால் சிவப்பு. போன தீபாவளிக்கு அப்புறம் குப்பத்துக்கென்றே ஒரு வெப்சைட் திறந்து அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்தான். கோட்டின் மேல் விரலை வைத்தால் அந்த நேரத்துக் காற்றின் வேகம் ஒரு சின்னக் கட்டத்தில் எழும்பும். பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று வந்துகொண்டே இருக்கும்.

அப்பாவுக்கு அது பெரிய பெருமையாகிவிட்டது. டீக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்து, "எம் மருமவன் போட்ட கோடு" என்று இழுத்து இழுத்துக் காட்டுவார். நைலான் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல் அவருக்கு. போன் சிலசமயம் அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது. லுங்கியில் துடைத்துவிட்டுத் திரும்பவும் இழுப்பார். அப்போது கோடு சர்ரென்று எங்கேயோ ஓடும். சிரிப்பார்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. புனிதா அப்பாவின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தாள்.

காலையில் தேவாவிடமிருந்து சேதி வந்தபோது அவள் கையில் சீப்பு இருந்தது. அழக்கூட வரவில்லை. புடவை மாற்ற உள்ளே போனாள். தலையை முடிந்துகொண்டு வெளியே வந்தால், கோபி சட்டைகூடப் போடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப் திறந்திருந்தது. என்னவோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றீங்க?"

சட்டென்று மூடினான். "ஒன்னுமில்ல. நீ கெளம்பு."

ஒன்றுமில்லாததற்கு ஒருவன் அப்படி மூடுவானா? ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "மாமாவோட போன் எங்க கீது புனி?" என்று கேட்டான். தெரியாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கிவந்து கொடுத்து, அதையே வேறு மாதிரி கேட்டான். "போனை யார்னா எடுத்து வச்சாங்களா?" செத்த மனுஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன், போன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

குப்பத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பறையடிக்கிறவர்கள் ஓரமாக நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை இறக்கி வைத்ததும் அம்மா அஞ்சம்மாள் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில் புனிதா அவள் காதருகே குனிந்தாள்.

"மா, அப்பா போன் எங்க?"

"பிரிட்ஜி மேல. தண்ணி பட்டா வீணாப்பூடும்னு எப்பவும் வச்சிட்டுதான போவாரு." அம்மாவுக்கு அதைச் சொன்னதும் மறுபடி அழுகை வந்தது. "எனக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தாங்க, அதையும் கடலுக்கா குடுக்கறதும்பாரே..."

பிரிட்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போன் இருந்தது. புனிதா முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா போனுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. பட்டனை அமுக்கியதும் திரை வெளிச்சமானது. யார் யாரோ கூப்பிட்டு எடுக்காமல் போன அழைப்புகள் மேலே வரிசையாக நின்றன. அதற்குக் கீழே, காலையில் அவர் பார்த்தது பார்த்தபடியே இருந்தது.

கோடு பச்சையாக இருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தணிவாக, எங்கேயும் எழும்பாமல்.

மாயவன் பொய் சொல்லவில்லை. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். தெரியாமல் விரல் பட்டு மாறிவிடப் போகிறதே என்று போனை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷம் ஒரே பாயில் படுத்தவன். மாமா மாமா என்று அவர் பின்னாலேயே திரிந்தவன். அவர் உடம்பு கரையில் காயும் முன்னால் உட்கார்ந்து மாற்றியிருக்கிறான்.

பின்பக்கம் வலைக் குவியலுக்கு அருகே கோபி தனியாக நின்றிருந்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. புனிதா நேராகப் போய் அவன் எதிரில் நின்றாள்.

"காலையில எதை மாத்தனீங்க?"

"புனி..."

"எதை மாத்தனீங்கன்னு கேக்கறேன்."

"நான் எதுவும் மாத்தல."

அவள் போனை வெளியே எடுத்தாள். அவன் கை தானாக நீண்டது. அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். "தொடாதீங்க. அங்கிருந்தே பாருங்க. பச்சையா இல்லியா?"

கோபி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"கீழ படி" என்றான்.

"இன்னா?"

"கோட்டுக்குக் கீழ பொடி எழுத்துல போட்டிருக்கும். படி புனி."

புனிதா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். மணி எண்களுக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, இங்கிலீஷில் மூன்றே எழுத்து. சன். ஞாயிற்றுக்கிழமை.

இன்று சனிக்கிழமை.

பந்தலில் பறை அடிக்கத் தொடங்கியது. அப்பா பார்த்தது நாளைக்கான கோடு. அவளுக்கு அந்த விரல் தெரியும். இழுக்கும், நகராது, துடைத்துவிட்டு மறுபடி இழுக்கும்.

"அப்போ காலையில லேப்டாப்பத் தொறந்து..."

"நான் தப்பா போட்டுட்டேனோன்னு பயந்து பாத்தேன்." கோபி தரையைப் பார்த்துப் பேசினான். "இன்னிக்கிக் கோடு செவப்பாதான் இருந்துச்சு. நேத்தே செவப்பு. அதைப் பாத்ததும் எனுக்கு நிம்மதியாயிடுச்சு புனி. மாமா போயிட்டாருன்னு சேதி வந்துக்கினு கீது, எனுக்கு நிம்மதியா கீது. அந்த நேரம் நீ வந்து நின்ன. அதான் மூடிட்டேன்."

"அப்புறம் எதுக்குப் போன் போன்னு..."

"செவப்பைப் பாத்துட்டு மாமா போவ மாட்டாரு. அவரு எதைப் பாத்தாருன்னு எனுக்குத் தெரியணும்."

இதையும் நம்பலாமா என்று ஒரு கணம் அவள் மனம் ஓரத்தில் நின்று பார்த்தது. நம்பினாள். ஆனாலும் அந்த நிம்மதி என்ற சொல் அவளுக்குள் ஒரு முள் மாதிரி இறங்கி நின்றுகொண்டது.

"அக்கா." தேவா கொல்லைப் பக்கமாக வந்தான். பின்னால் மாயவன். "அம்மா சொன்னாங்க. போனக் குடு."

அவள் கொடுத்தாள். தேவா திரையைப் பார்த்தான். மாயவன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதான்! இதத்தான் எங்கிட்ட காமிச்சாரு" என்றார்.

தேவா கோபியை நோக்கி நிமிர்ந்தான்.

"அடியில இருக்கறதப் படி தேவா" என்றாள் புனிதா.

படித்தான். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு கட்டைவிரலை வைத்து இழுத்தான். பச்சைக் கோடு நகர்ந்து போய் அந்த இடத்துக்குச் சிவப்பு வந்தது. மறுபடி இந்தப் பக்கம் தள்ளினான். பச்சை. இழுத்தான், சிவப்பு. தள்ளினான், பச்சை. யாரும் அவனைத் தடுக்கவில்லை. காயப்போட்ட வலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கொத்திவிட்டுப் பறந்தது. அவன் விரல் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"அது இன்னிக்கிப் போட்டது இல்லியா?" என்று மாயவன் கேட்டார். அவர் தானாகவே புரிந்துகொண்டு தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். "ஐயோ... நானும் பாத்தேனே. எனுக்கும் படிக்கத் தெரியலியே."

தேவா போனை அணைத்தான்.

"இத ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாது" என்றான். "நாப்பது வருசம் கடல் பாத்த ஆளு. போனைத் தப்பா இழுத்துட்டு செத்தாருன்னு நாளைக்கி டீக்கடையில சிரிப்பானுங்க. வேணாம்."

"அப்போ இவரு?" என்றாள் புனிதா.

தேவா கோபியைப் பார்க்கவில்லை. காலால் மணலைக் கிளறினான். பந்தலில் இருக்கிறவர்கள் இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நான்கு பேருக்கும் தெரியும். அந்தப் பேச்சை அவன்தான் காலையில் ஆரம்பித்து வைத்தவன்.

"விடு புனி" என்றான் கோபி.

அவன் அப்படிச் சொன்னதில் பெரிய மனசு எதுவும் இல்லை. களைத்துப்போன ஒருவன் சொல்வது போலத்தான் சொன்னான். புனிதா போனை வாங்கி மறுபடி முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். திரும்பி வரும்போது முன்னால் போன இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"மருமவன்தான் மாத்திட்டானாமே?"

"வேற சாதிக்காரன். அவனுக்கு இன்னா."

புனிதா அவர்களைத் தாண்டி நடந்தாள்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்கள் எல்லோரும் பால் தெளிக்கப் போனார்கள். கோபியும் போனான். முன்னால் போன கூட்டத்துக்கும் அவனுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுத் தேவா நடந்தான். அவனோடும் சேராமல், அவர்களோடும் சேராமல்.

முகம் கழுவ வேண்டும், ஆனால் வீட்டுத் தண்ணீரில் வேண்டாம் என்றாள் அஞ்சம்மாள். புனிதா அவள் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். சாவு விழுந்த குப்பம். ஒரு போட்டும் இறங்கவில்லை. எல்லாம் மணலில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன.

காற்றே இல்லை. கடல், ஏரி மாதிரி கிடந்தது.

அஞ்சம்மாள் தண்ணீரில் இறங்கினாள். அலை என்று சொல்ல முடியாத ஒன்று வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. அவள் குனிந்து முகம் கழுவாமல் வெகுநேரம் தூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கி எவ்ளோ நல்லா கீது பாரு" என்றாள்.

புனிதா, "ஆமாம்மா" என்றாள். அம்மாவின் புடவைக் கரை ஈரமாகாமல் இருக்கக் குனிந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.