ஓசிச் சரக்குக்கு ஒரு பச்சைச் சீட்டு

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. நூலோ பசையோ ஆணியோ, வெளியிலிருந்து எது வந்தாலும் லியாகத் அலி சோதித்துப் பச்சைச் சீட்டு ஒட்டினால்தான் உள்ளே போகும். சிவப்பு ஒட்டினால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடும். லியாகத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, கறார் மட்டும் ஏகப்பட்டது. முதலாளியின் மச்சான் அனுப்பிய தோலையே திருப்பியடித்த ஆள். அவனிடம் போய் மாட்டுவோம் என்று கம்ப்யூட்டர் ரூம் ஃபீபி கனவிலும் நினைக்கவில்லை.

அது 2007. கம்பெனியின் வெப்சைட்டை ஃபீபிதான் பார்த்துக்கொண்டாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அதில் மேல்தோல், சோல், லேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம் தேர்ந்தெடுக்கலாம். அவஸ்தை என்னவென்றால், லேஸை மட்டும் மாற்றினாலும் பக்கம் முழுக்க வெள்ளையாகிப் புதிதாக வரும். வருவதற்குள் நிதானமாக ஒரு டீ குடிக்கலாம். போன முறை ஜெர்மனியிலிருந்து வந்த பையர் அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இந்த முறை அவர் வரும்போதும் அப்படி ஆனால் வெப்சைட் வேலையைச் சென்னையில் ஒருத்தனுக்குக் கொடுத்துவிடுவேன், நீ பழையபடி பில் அடிக்கலாம் என்று முதலாளி இஷ்தியாக் அகமது சொல்லிவிட்டார். பில் அடித்த காலத்துக்குத் திரும்பிப் போக ஃபீபிக்கு மனசில்லை.

தேடியதில் ஒரு வழி கிடைத்தது. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. வெப்பக்கத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளெல்லாம் அதில் தயாராக இருந்தன. லேஸை மாற்றினால் லேஸ் மட்டும் மாறும், மற்றது அசையாது. அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது சில வரிகளில் முடிந்தது. ஒரு பிரவுசரில் சரிசெய்தால் இன்னொன்றில் பல்லிளிக்குமே, அந்தத் தலைவலியையும் லைப்ரரியே தாங்கிக்கொண்டது. ஃபீபி சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் முதலாளி. "சப்ளையர் யாரு?"

"சப்ளையர் இல்ல சார். ஃப்ரீ."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சாம்பிள் என்று ஓசியில் வந்த பசையால் ஒரு லோடு ஷூ வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்ததை அவர் மறக்கவில்லை. "ஓசி சரக்குன்னா பேஜாரும்மா. லியாகத் செக் பண்ணட்டும்."

"சார், இது சாஃப்ட்வேர்."

"வெளியேர்ந்துதானே வருது?"

பையர் அம்மா வருவதற்கு முந்தின நாள் லியாகத் வந்து உட்கார்ந்தான், கையில் பூதக்கண்ணாடி வேறு. தோலை மடக்கி மடக்கிப் பார்க்கிற பழக்கத்தில் லேஸைக் கறுப்பு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தான். திடீரென்று நெட் வயரைப் பிடுங்கினான்.

"இன்னா பாய் பண்றீங்க?"

"இழுத்துப் பாக்கணும்ல."

தேர்ந்தெடுத்ததெல்லாம் திரையில் அப்படியே நின்றது. வயரை மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. லியாகத் பச்சைச் சீட்டை எடுத்து நாக்கில் நனைத்தும்விட்டான். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. திரையை எப்படி மூடுவது என்று தெரியாமல் மேலே இருந்த பேக் பட்டனை அமுக்கினான். ஷூவே காணோம். திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் வெள்ளை ஷூ. அதுவரை தேர்ந்தெடுத்த எதுவும் இல்லை.

அவன் பச்சையைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மானிட்டரின் நெற்றியில் சிவப்பை ஒட்டினான்.

"பேக் பட்டன யாரு பாய் அமுக்குவாங்க?"

"நான் அமுக்கனேனே. பஸ் கெளம்பறதுக்குள்ள சரி பண்ணிட்டுக் கூப்புடு."

ஃபீபிக்கு அவன் மேல் கொள்ளைக் கோபம் வந்தது. ஆனால் கோளாறு உண்மை. பக்கம் மாறாமல் அதில் ஒரு துண்டு மட்டும் மாறுவதால், பிரவுசரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எந்த இடத்துக்குத் திரும்புவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஃபீபி மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த லைப்ரரியை வைத்து வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ளும் தளத்துக்குப் போனாள். அங்கே ஒருவன் இதே பேக் பட்டனைத் திட்டித் தீர்த்திருந்தான். கீழே இன்னொருவன், லைப்ரரியோடு சேர்த்துக்கொள்ள இதற்கென்றே எழுதிய சின்ன புரோகிராமைப் போட்டு, எடுத்துக்கொள் என்றிருந்தான். இத்தனை பேர் புழங்குகிற சரக்கில் அதுதான் பெரிய சௌகரியம், நமக்கு வந்த சங்கடம் வேறு யாருக்காவது முன்பே வந்திருக்கும்.

ஃபீபி அதை எடுத்துப் பொருத்தி முடித்தாள். லியாகத் ஏற வேண்டிய மாதனூர் பஸ் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பேக் பட்டனை மறுபடி அமுக்கினான். லேஸ் மட்டும் முந்தின நிறத்துக்குப் போனது. இன்னொரு முறை அமுக்கினான், சோலும் பழைய நிறத்துக்குப் போனது. நனைந்து காய்ந்த பச்சை ஒட்டாததால் ஷூ பசையை வாங்கிவந்து தடவி ஒட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் பையர் அம்மா மேல்தோல் தேர்ந்தெடுத்தார், சோல் தேர்ந்தெடுத்தார். கறுப்பு லேஸை மாற்றிச் சிவப்பைப் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். நேரே பேக் பட்டனை அமுக்கினார். ஃபீபி எழுந்தே நின்றுவிட்டாள். லேஸ் மட்டும் பழையபடி கறுப்பானது. அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மதியம் வரை எழுந்திருக்கவே இல்லை.

அவர் கார் ஏறியதும் முதலாளி கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தார். "சென்னைக்காரன் வேணாம், நீயே பாத்துக்க. அந்தப் பேக் பட்டன் சமாச்சாரம் யாரு குடுத்தது?"

"எந்த ஊர்க்காரர்னுகூடத் தெரியாது சார். சும்மாதான் குடுத்தாரு."

அவருக்கு அது பொறுக்கவில்லை. அறையில் இரண்டு நடை நடந்தார். "சும்மா எப்படிம்மா வாங்கிக்கறது? பதிலுக்கு எதுனா குடுக்கணும், கேளு அவர."

ஃபீபி அந்தத் தளத்தைத் திறந்து, நன்றி சொல்லிவிட்டு, உங்கள் கால் சைஸ் என்ன என்று எழுதினாள்.