நிற்காமல் போன சிலுவை வண்டி

வளர்மதிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் அது வந்தது. புருஷன் சுப்புராயன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, என்றைக்குமில்லாத அக்கறையாகத் தார்ப்பாயைப் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்டினான். கையில் மண்ணெண்ணெய் வாடை. நகக்கண்ணில் சிவப்பு.

"ரோடெல்லாம் வெள்ளம், ஒரு வண்டியும் வுடலன்னு ஊரே சொல்லுது. நீங்க மட்டும் எப்பிடிங்க ஜெயங்கொண்டத்துல லோடு எறக்கிட்டு வந்தீங்க?"

"கேட்டேன், வுட்டாங்க."

கேட்டால் விட்டுவிடுகிற போலீசா? அவள் நம்பவில்லை.

"கருவேப்பிலங்குறிச்சி வழியாதான போனீங்க? பூங்கோதைய ஒரு எட்டுப் பாக்கலியா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி அதிகம்" என்றான். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர நாள் குறித்திருந்தார்கள்; மழை முந்திக்கொண்டது. நிறைமாத மகள் இருக்கிற ஊரை எட்டிப் பார்க்காமல் வந்தவன் என்னவோ மறைக்கிறான். விடிந்ததும் அவளே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளை வேனின் விலாவில் பெரிய சிவப்புச் சிலுவை, பாதி துடைத்த கோலத்தில் இருந்தது. அவன் லோடு ஏற்றுகிற பீங்கான் பியூஸ் பெட்டிகளுக்கு மார்க் போடுகிற அதே சிவப்பு.

"இது என்னாங்க?"

"மருந்துக்கடையில போடலியா, டாக்டரு போர்டுல போடலியா? நானும் போட்டேன். போலீசு சல்யூட் அடிச்சு வுட்டுச்சு." மாட்டிக்கொண்டதில் கொஞ்சம் பெருமை வேறு.

"வெள்ளத்துல கெடக்கற சனம் மறிக்கலியா?"

"மறிச்சாங்க. நின்னா குட்டு ஒடஞ்சிடுமே. ஆரன் அடிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

அப்போதுதான் போன் அடித்தது. மருமகன் இனியவன்.

"அத்த, பூங்கோதைக்கு வலி வந்துடுச்சு. செஞ்சிலுவைச் சங்கத்து வண்டி, நர்ஸோட வந்து ஊர் முனையில நிக்குது. எங்க ஊர்க்காரங்க முள்ள வெட்டிப் போட்டு மறிச்சுட்டாங்க. நேத்து இதே குறி போட்ட வண்டி நிக்காமப் போச்சாம். நிவாரண அரிசியக் கடத்துற கூட்டம்னு பெட்டியெல்லாம் பிரிச்சுப் பாக்கறாங்க. நர்ஸு சொல்றதையும் நம்ப மாட்டேங்கறாங்க. வேற வண்டி கெடையாது அத்த."

வளர்மதி கேட்டதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். கேஸ் ஆகும், வேன் போகும், சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியாது. அவளுக்கும் எல்லாம் தெரியும்.

"மறிக்கறவங்ககிட்ட போனக் குடுங்க மாப்ள."

அர்ச்சுனன் என்று ஒருவர் வாங்கினார்.

"ஐயா, நேத்து நிக்காமப் போனது எங்க வூட்டு வண்டிங்க. இது வேற. வழி வுடுங்க."

சுப்புராயனுக்கும் கேட்கும்படி அர்ச்சுனன் கத்தினார். "அப்பிடின்னா இது உங்க கூட்டாளி வண்டியாம்மா? திருடன் பொண்டாட்டி சொல்லி நாங்க வழி வுடணுமா?"

சந்தேகத்துக்கு எதிராகப் பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை.

சுப்புராயன் போனைப் பிடுங்கினான். "ஐயா, நான்தான் அந்தத் திருட்டுப் பய. என் வண்டியில இருந்த சிலுவைய நல்லா நெனச்சுப் பாருங்க. மாதா கோயில் சிலுவையாட்டம் கீழ்க்கால் நீட்டமா இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அந்தச் சிலுவைதாங்க. மழையில சாயம் ஒழுகியிருக்கும். உங்க எதிர்ல நிக்கற வண்டியில எப்பிடி இருக்குது?"

அர்ச்சுனன் பக்கத்திலிருந்தவர்களை விசாரிப்பது கேட்டது. "நாலு பக்கமும் ஒரே அளவா இருக்குது... ஆமாய்யா, நேத்து வந்தது கால் நீட்டந்தான்." பிறகு, "டேய், முள்ள இழுங்கடா!"

சாயங்காலம் விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய காரியம் என்றார்கள். அந்த வண்டியில் வந்த நர்ஸ் ஆதிலட்சுமி, சுப்புராயனைத் தனியே கூப்பிட்டாள்.

"அது மருந்துக்கான அடையாளம் இல்லைங்க. டாக்டருங்களே போட்டுக்கக் கூடாது. சண்டையில சுடுறவனும் அதப் பாத்தா துப்பாக்கிய எறக்கணும்னு வச்ச குறி. எங்க கையில வேற ஆயுதம் ஏது? சனங்க நம்புனாத்தான் வழி."

அவன் பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தான். உள்ளே பூங்கோதை அம்மாவிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். யாருடைய வண்டி என்பதை இனியவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நேத்தே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்மா. இடுப்பு கடுக்குதுன்னு, சிலுவை வண்டியப் பாத்து மொதல்ல கை காட்டி ஓடுனது நான்தான். சேத்த வாரி அடிச்சுட்டுப் போச்சு. அசப்புல நம்ம வண்டியாட்டமே இருந்துச்சு. அப்புறம் நானே சிரிச்சுக்கிட்டேன். அப்பாவா இருந்தா என்னப் பாத்துட்டு நிக்காமப் போவாரா?"

ஊரையே சந்தேகப்படுகிற வளர்மதி பெற்ற பெண்ணுக்கு, அப்பன்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. சுப்புராயன் பிளாஸ்கை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றான். பேத்தியைப் பார்க்க உள்ளே வரச்சொல்லி மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.