விடுபட்ட அரை

சரவணமுத்து சேருக்கு இரசாயனம் தெரியாது. முருங்கன் ஊரில் இது வேணுஜா ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். இதைவிட அவளுக்கு வயிறு எரிந்த விஷயமும் வேறு இல்லை. மனிதர் எந்தக் காலத்திலோ தாவரவியலில் பட்டம் எடுத்தவர். இரசாயனத்தை அப்போது ஒப்புக்குப் படித்திருந்தார். சண்டை முடிந்து, சனம் தறப்பாள் கூடாரத்தில் இருந்து தகரக் கொட்டிலுக்கு மாறி, கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் முருங்கனில் ஒரு தொலைக்கல்வி நிலையம் ஞாயிறு வகுப்புகளைத் தொடங்கியது. பௌதிக இரசாயனத்துக்கு ஆள் தேடினார்கள். இலங்கைப் பட்டத்தோடு ஊரில் எஞ்சியிருந்தவர் இவர் ஒருவர்தான். கேட்டார்கள். வெட்கமே இல்லாமல் ஓம் என்றுவிட்டார்.

வேணுஜா தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே எம்.எஸ்ஸி. முடித்து, தங்கப் பதக்கத்தோடு திரும்பி வந்தவள். அந்தப் பதக்கத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் அசல் பவுனா என்று விசாரித்ததோடு சரி. சான்றிதழை அங்கீகாரத்துக்காகக் கொழும்புக்கு அனுப்பி ஒரு வருஷம் ஆகிவிட்டது. எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அது வரும்வரை அவள் படிப்பிக்கக் கூடாது, உதவியாளராக இருக்கலாம்.

உதவி என்றால் இதுதான். சனிக்கிழமை பின்னேரம் அவள் கணக்குகளைச் செய்து ஒரு தாளில் எழுதிச் சேரிடம் கொடுப்பாள். ஞாயிறு காலை அவர் அந்தத் தாளை வரவுப் பதிவேட்டுக்குள் மறைத்து வைத்து, பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதுவார். சமன்பாடுகளைத் தேவாரம் போல இழுத்து வாசிப்பார். இடையிடையே, "விளங்கினதோ? விளங்கினதெண்டால் மேல போவம்" என்பார். மேலே போனால் அவருக்கே வழி தெரியாது என்பதைக் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த வேணுஜா மட்டும் அறிவாள். வகுப்பு முடிந்ததும் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வேணுஜாவுக்கு அந்தப் பலகைக்கு முன்னால் தன் பெயரோடு நிற்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு இந்த ஊரில் வேறு ஆசை கிடையாது.

படிக்க வந்தவர்கள் எட்டுத் தொண்டர் ஆசிரியர்கள். சண்டைக்குள் மரத்தடியிலும் பங்கர் வாசலிலும் சம்பளம் இல்லாமல் படிப்பித்தவர்கள். இந்தப் பட்டம் கிடைத்தால்தான் அவர்களுக்கு நிரந்தர நியமனம். எல்லாம் வேணுஜாவுக்குத் தெரியும், ஆனால் மனம் இளகவில்லை. ஏன் என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாத கூட்டம் என்றுதான் அவர்களை நினைத்தாள். வாயைத் திறந்தால், "இது சோதினைக்கு வருமோ?" என்பார்கள். வங்காலையில் இருந்து வரும் ஜெனிஸ்ரா மூன்று நிறப் பேனையால் அடிக்கோடு போடுவாள். அடிக்கோடு போட்டால் மூளைக்குள் போய்விடுமாக்கும்.

அந்தச் சனிக்கிழமை சேர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, "இந்தமுறை என்ன பாடம், பிள்ளை?" என்று கேட்டார்.

"மூலக்கூறுகளின்ர அதிர்வு, சேர். சக்தி மட்டங்கள்."

"கஷ்டமோ?"

"உங்களுக்கென்ன சேர் கஷ்டம்?"

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிற சிரிப்பைப் பார் என்று அவள் மனதுக்குள் திட்டினாள்.

பாடம் உண்மையில் அழகான பாடம். ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள் சுருள்வில்லால் பிணைத்ததைப் போல விலகியும் நெருங்கியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்கு நினைத்த சக்தியெல்லாம் இருக்க முடியாது; ஏணிப்படி போல மட்டம் மட்டமாகத்தான் இருக்கலாம். மட்டங்களுக்குப் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று இலக்கம். சக்தியைக் கணக்கிடும்போது அந்த இலக்கத்தோடு எப்போதும் ஓர் அரையைக் கூட்ட வேண்டும். அதனால்தான் ஆகக் கீழ்மட்டத்திலும் சக்தி பூச்சியமாகாது, மூலக்கூறு ஒருபோதும் சும்மா நிற்காது. பாடத்தின் உயிரே அந்த அரைதான். வேணுஜா தாளில் அதை எழுதாமல் விட்டாள். "கீழ்மட்டத்தில் சக்தி பூச்சியம், ஆகவே மூலக்கூறு ஓய்வில் உள்ளது" என்று ஒரு வசனத்தையும் வடிவான எழுத்தில் சேர்த்தாள்.

காரணம் இருந்தது. மறுநாள் வகுப்பைப் பார்வையிடக் கொழும்பில் இருந்து பேராசிரியர் ஒருவர் வருகிறார். பலகையைப் பார்த்த உடனே பிடித்துவிடுவார். அரை எங்கே என்று கேட்பார். கிழவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு முழிப்பார். அப்போது அவள் கடைசி வாங்கில் இருந்து எழும்புவாள்.

பேராசிரியர் வந்தார், பிளேன்ரீ குடித்தார், பாதி நேரம் போனைப் பார்த்தார். சரவணமுத்து சேர் வியர்த்து விறுவிறுத்து ஒரு மட்டத்தில் இருந்து அடுத்ததற்கு ஏறத் தேவையான சக்தியைக் கணித்து முடித்தார். கடைசி விடையை மட்டும் பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். விடை சரி. இரண்டு மட்டத்திலும் அரை விடுபட்டால் கழிக்கும்போது வித்தியாசம் மாறாதே. "வெரி குட்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். பேராசிரியரும் இவ்வளவுதானா என்று வேணுஜா மனதுக்குள் அவரையும் திட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை பிழையைத் திருத்திக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு அரை இருந்தென்ன, விட்டென்ன என்று இருந்துவிட்டாள். ஒருநாள் பஸ்சுக்கு நின்றபோது ஜெனிஸ்ரா பக்கத்தில் வந்தாள்.

"ரீச்சர், கீழ்மட்டத்தில சக்தி பூச்சியம் எண்டால் அணு ரெண்டும் அப்பிடியே அசையாமல் நிக்குமோ? எனக்கு மனம் ஒத்துக்கொள்ளுதில்லை."

வேணுஜா திடுக்கிட்டாள். ஒரு வருஷத்தில் அந்த வகுப்பில் முளைத்த முதல் கேள்வி அது, அதுவும் சரியான இடத்தில் குத்துகிற கேள்வி. பதில் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று நிறப் பேனைக்காரிக்கு நான் ஏன் பஸ் தரிப்பிடத்தில் நின்று படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்னால் வந்து நின்றது.

"சேரிட்டக் கேளுங்கோ," என்றாள்.

ஜெனிஸ்ரா கேட்டாள். சேர் பதிவேட்டுக்குள் இருந்த புதுத் தாளை வீணாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சியம் எண்டால் பூச்சியம்தான் பிள்ளை. எழுதுங்கோ," என்றார்.

எழுதினார்கள், எட்டுப் பேரும் எழுதிப் பாடமாக்கினார்கள். சோதனையில் அந்த இடத்திலேயே கேள்வி வந்தது. சாதாரண ஐதரசன் மூலக்கூறையும் பாரமான ஐதரசன் மூலக்கூறையும் கீழ்மட்டத்தில் இருந்து இரண்டு அணுவாகப் பிய்க்க எதற்குக் கூடுதல் சக்தி வேண்டும், ஏன்? பாரமானது மெதுவாக அதிர்வதால் அதன் அரைப் பங்கு சிறியது. அது ஏணியில் இன்னும் கீழே கிடக்கிறது. அதைப் பிய்ப்பதுதான் கஷ்டம். அரையே இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். எட்டுப் பேரும் இரண்டும் ஒன்று என்று எழுதினார்கள். காரணமாக, "கீழ்மட்டத்தில் சக்தி பூச்சியம், ஆகவே மூலக்கூறு ஓய்வில் உள்ளது" என்பதை ஓர் எழுத்து மாறாமல் எழுதினார்கள்.

இலங்கை முழுக்க வேறு எந்த நிலையத்திலும் இல்லாத பிழை, ஒரே வசனத்தில், எட்டுத் தாளில். பார்த்து எழுதினார்கள் என்று பெறுபேற்றை நிறுத்திவிட்டார்கள். குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் சோதனை எழுத முடியாது, நியமனமும் அதோடு போய்விடும். ஜெனிஸ்ரா சந்தியில் பஸ்சை விட்டுவிட்டு நின்று அழுதாள். "பதினோரு வருஷம் படிப்பிச்சனான், ரீச்சர். களவெடுத்தனான் எண்டு சொல்லுறாங்கள்," என்றாள். மனதில் எழுந்த உறுத்தலையும் வேணுஜா கிழவர் மேல் கோபமாக மாற்றிக்கொண்டாள். மண்டையில் ஒரு துளி சரக்கு இருந்திருந்தால் அவர் பிழையைக் கண்டுபிடித்திருப்பாரே.

விசாரணைக்கு அதே பேராசிரியர்தான் வந்தார். அந்தப் பலகையை ஏற்கனவே நேரில் பார்த்தவர் என்ற ஞாபகம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. எட்டுப் பேரும் சுவர் ஓரமாக நின்றார்கள். கொப்பிகளைப் புரட்டிவிட்டு, "இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

சரவணமுத்து சேர் எழும்பினார். கள்ளன் இப்போது என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறான் என்று வேணுஜா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பிள்ளையள் பாத்தெழுதேல்லை. நான் பலகையில எழுதினதைத்தான் எழுதினவை," என்றார். பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். "எனக்கு இந்தப் பாடம் தெரியாது, சேர். வகுப்பை மூடிப்போடுவினம் எண்டு பயந்து ஓம் எண்டனான். கணக்கெல்லாம் இந்தப் பிள்ளைதான் செய்து தாறவ. நான் பாத்து எழுதுறனான். அவவின்ர பேரைச் சொல்ல வெக்கமாயிருந்தது, அதால தாளைக் கிழிச்சுப்போடுவன்."

எட்டுப் பேரும் வேணுஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்டைக்கும் பிள்ளை சரியாத்தான் எழுதித் தந்திருப்பா," என்றார் சேர். "அவவுக்குப் பிழை வராது. எனக்குக் கண்ணும் தெளிவில்லை. பாத்தெழுதேக்க நான்தான் விட்டிட்டன்."

பேராசிரியர் வேணுஜாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் அந்த அரையைப் போட்டுத்தான் குடுத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். சொன்னால் கொழும்பில் கிடக்கும் சான்றிதழ் அங்கேயே கிடந்து மக்கிப் போகும்.

"ஓம், சேர்," என்றாள்.

பேராசிரியர் குறித்துக்கொண்டார். மாணவர்களில் குற்றமில்லை, திரும்ப ஒருமுறை சோதனை வைப்போம் என்றார். சரவணமுத்து இனி வகுப்பு எடுக்கக் கூடாது, விசேட அனுமதியில் இந்த மிஸ்ஸே எடுக்கட்டும், இன்றைக்கே தொடங்கட்டும் என்றார். ஜெனிஸ்ரா ஓடிவந்து வேணுஜாவின் கையைப் பிடித்து, "கர்த்தர்தான் உங்களை அனுப்பினவர், ரீச்சர்," என்றாள்.

சரவணமுத்து சேர் வெண்கட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். மனிதரின் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை, பெரிய சுமையை இறக்கி வைத்தவர் போலத்தான் இருந்தார். "பிள்ளையின்ர பேருக்கு ஒண்டும் வரேல்லை, அது காணும்," என்றார். போகாமல் முன் வாங்கில் இடம் பார்த்து உட்கார்ந்தார். "அந்த அரை என்னத்துக்கு எண்டு விளங்கப்படுத்துங்கோ. நானும் இருந்து கேக்கிறன்."

எட்டுப் பேரும் கொப்பியைத் திறந்தார்கள். வேணுஜா பலகையில் சமன்பாட்டை எழுதி, அரையை எழுதும் இடத்தில் நின்றுவிட்டாள். எல்லோரையும் ஒரு வருஷமாகக் கேவலமாகப் பார்த்தவளுக்கு இப்போது அப்படிப் பார்க்க அந்த மண்டபத்தில் தன்னைத் தவிர ஆள் இல்லை. "எழுதுங்கோ ரீச்சர், நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம்," என்றாள் ஜெனிஸ்ரா.