மன்னித்தவள்

கிண்ணம் கவிழ்ந்தபோது தையலக்காவின் கண்ணில் முதலில் பட்டது கணவரின் முகம் இல்லை, கட்டிலோரத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த வெள்ளை கவுன். கல்யாணப் பெண்ணின் அம்மா மத்தியானம் வந்து வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு முத்து முத்தாகக் கோத்துத் தைத்த கழுத்துப் பட்டியில் ஓட்ஸ் கூழ் வழிந்து இறங்கியது. அவர் வேண்டுமென்று தட்டிவிடவில்லை. வலது பக்கம் விழுந்துபோன இந்த ஒன்றரை வருடத்தில் இடது கைக்கு இன்னும் நிதானம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கை முந்திக்கொண்டது. பளாரென்று கன்னத்தில் அறைந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வாயும் சும்மா இருக்கவில்லை.

"இதுக்குத்தான் திரும்பி வந்தியா நீ? அவளே வச்சுப் பாத்திருக்க வேண்டியதுதானே?"

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. அந்தச் சொல் அறையைவிடச் சத்தமாக விழுந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. பசிக்கிறதா என்றால் 'சரி'. வலிக்கிறதா என்றாலும் 'சரி'. டாக்டர் பெயரைக் கேட்டதற்கும் 'சரி' என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்தவர். இப்போதும், கன்னத்தில் விரல் தடம் சிவந்துகொண்டிருக்க, அவளைப் பார்த்துச் சொன்னார்.

"சரி."

அவள் கவுனை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

குழாயடியில் குந்தி, முத்துகள் உதிராமல் விரல் நுனியால் கறையை அலசினாள். பதினெட்டு வருடத்துக்கு முன்பு, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் இன்னொருத்தியோடு போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை கேட்காமல் தட்டு எடுத்து வைத்தாள். அதன் பிறகு சபையில் அவளுக்குத் தனி மரியாதை. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிற சின்னப் பெண்களிடம், 'தையலக்காவப் பாத்துக் கத்துக்கோ' என்பார்கள். அவளும் மன்னிக்கிற பக்கத்திலேயே நின்று பழகிவிட்டாள். அந்தப் பக்கத்தில் காற்று நன்றாக வரும். எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

பதினோரு மணிக்குப் பாஸ்டர் வந்தார். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே திருவிருந்து கொடுப்பார். அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு கறுப்புப் பை, அதற்குள் ஒரு டப்பாவில் அப்பம், சின்னச் சின்னக் கிண்ணங்கள். தண்ணீர் கேட்டு அவர் அடுக்களைப் பக்கம் வந்தபோது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்கு அவருக்கு மட்டும் குடுத்துடுங்க. எனக்கு வேண்டாம்."

"ஏங்கா?"

"காலைல அவர அடிச்சிட்டேன்."

பாஸ்டர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை.

"இது மூணாவது தடவ. ஒவ்வொரு தடவையும் ஆண்டவர்கிட்ட அழுது, இனிமே இல்லன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிக்கறேன். ஆண்டவருக்கே அலுத்துப் போயிருக்கும். அதுகூடப் போகட்டும். பழசச் சொல்லிக் காட்டிட்டேன் பாஸ்டர். நான் மன்னிக்கவே இல்ல போலிருக்கு. மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிருந்திருக்கேன்."

 பாஸ்டர் தன் சட்டையைக் காட்டினார். இரண்டாவது பட்டன் இல்லை. அவர் உள்ளே வந்ததுமே அவள் அதைப் பார்த்திருந்தாள், தொழில் புத்தி.

"இந்தப் பட்டன் போனதுக்குக் காலைல என் பொண்டாட்டியப் பேசின பேச்சு இருக்கே, அத வெளிய சொன்னா என்னை யாரும் பாஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க. யோக்கியமானவங்களுக்குத்தான் இந்த அப்பம்னா, பையத் தூக்கிட்டு நான் என் வீட்டு வாசலே தாண்டியிருக்க முடியாதுக்கா. அலுத்துப் போறதெல்லாம் நமக்குத்தான். அவர் அப்படி இல்ல." தண்ணீரைக் குடித்து முடித்தார். "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அவருக்குப் புரியுமான்னே தெரியல."

"சொல்லித்தான் பாருங்களேன்."

கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்தில் மேடையேறி வாழ்த்திப் பேசியபோதுகூட நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

"அடிச்சிருக்கக் கூடாதுங்க. அதவிட, அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வார்த்தை இந்த வீட்டில் இத்தனை வருடமும் அவரிடமிருந்து அவளுக்குத்தான் வந்திருக்கிறது. எதிர்த் திசையில் அது போவது இதுதான் முதல் தடவை.  அவர் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

பாஸ்டர் ஜெபித்தார். அப்பத்தைப் பிட்டு, வழக்கம்போல அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார். வழக்கம்போல அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது மெல்ல உயர்ந்து அவள் முகத்தை நோக்கி வந்தது. அவளையறியாமல் கன்னம் ஒதுங்கியது. அடிக்கத்தான் போகிறார், அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, அவள் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் அந்த அப்பத் துணுக்கு அவர் விரல்களுக்கிடையே ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினார். அது நழுவிப் படுக்கை விரிப்பின் மடிப்பில் விழுந்தது.

எடுத்துக் கொடுக்க அவள் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.

விரிப்பின் மேல் அவருடைய விரல்கள் தடவித் தேடின. துணுக்கின் பக்கத்தில் வரும், தாண்டிப் போகும், மறுபடி திரும்பி வரும். பாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். அவசரமே இல்லாத அந்தக் கையைப் பார்த்தபடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அவள் காத்திருந்தாள்.