மூக்கனின் சென்சார்

அந்த ஒர்க்‌ஷாப்பில் அண்ணனுக்கு மூக்கன் என்று பெயர் வந்தது மூக்கு பெரிதாக இருந்ததால் அல்ல. பார்க்கப்போனால் அது சப்பை மூக்கு. ஆனால் எந்த வண்டி உள்ளே வந்தாலும் பின்னால் போய்க் குனிந்து, புகைக்குழாய் வாயில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது", "ஆயில் எரியுது", "முட்டை நாத்தம் வருது, புகையைச் சுத்தம் பண்ற கன்வர்ட்டர் போச்சு" என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவன் பேச விடுவதும் இல்லை.

தம்பிக்கு அங்கே கம்பி என்று பெயர். வைத்தவன் மூக்கன்தான். தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருக்கும் மெஷினில் சென்சார் சொல்வதைப் படித்து வேலை பார்ப்பவன். "என் தம்பி கம்பி ஜோசியம் பாக்குறான், வரிசையில வாங்க" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் மூக்கன் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரித்து வைப்பான். சிரிக்கவில்லையென்றால் அதற்கும் ஒரு கிண்டல் வரும்.

புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. ஆக்சிஜன் அதிகம் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கூட ஊற்றும். குறைவு என்றால் கையை இறுக்கும். கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. சென்சார் சொன்னால் சொன்னதுதான். அதன் முனையை எண்ணெய்க் கையால் தொடக்கூடாது, கண்ட பசையைப் போட்டு மாட்டக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் சுரண்டக்கூடாது.

மூக்கன் சுரண்டினான். கரி படிந்திருந்த ஒரு சென்சாரைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, பெட்ரோலில் முக்கி, பளபளவென்று ஆக்கி மாட்டினான். "வேணாண்ணே" என்று தம்பி சொன்னதற்கு, "பல்லு வெளக்குனா பல்லு கெட்டுடுமாடா?" என்று கேட்டான். மறுநாளே அந்த வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. முதலாளி வந்து கேட்டபோது மூக்கன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "சென்சார் சமாச்சாரம் எல்லாம் தம்பிதான் பாக்குறான்" என்றான்.

முதலாளி அத்தனை பேர் முன்னால் தம்பியைக் கிழி கிழி என்று கிழித்தார். தம்பி வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? இருவருக்கும் ஒரே வீடு, அண்ணன் கீழே, தம்பி மாடியில். சாப்பாடு அண்ணி கையால். அன்று இரவு சாப்பிடும்போது மூக்கன், "மனசுல வச்சுக்காதடா" என்று மட்டும் சொன்னான். தம்பி மனசில்தான் வைத்துக்கொண்டான்.

முதலாளிக்கு இப்போது உடம்பு முடியவில்லை. மகள் வீட்டோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பை இருவரில் ஒருவனிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். மற்றவன் அவனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதுதான். இருக்கிறதிலேயே பெரிய வாடிக்கை வேன்காரம்மா. வாடகை வேன்கள் வைத்து நடத்துகிறவர். "அந்தம்மா யாரை நம்பி வண்டிய விடுதோ அவன் பாத்துக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்பிக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மூக்கனுக்குக் கீழே காலமெல்லாம் கம்பியாக இருந்து சாவதை நினைத்துப் புரண்டுகொண்டே கிடந்தான்.

அந்தச் சமயத்தில்தான் எலி செத்தது.

ஒரு காரின் ஏசிப் பெட்டிக்குள் புகுந்து செத்து, நாள் கணக்கில் ஊறிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் ஒர்க்‌ஷாப்பே வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. டயர்காரர் சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். மூக்கன் மட்டும் தலையை உள்ளே விட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, ஒரு விரலால் துழாவிக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதற்கப்புறம்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்து, "சே, என்னா நாத்தம்" என்றான்.

தம்பி அண்ணனையே பார்த்தான். போன வருஷம் அண்ணன் கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து ஒரு புதுப் பழக்கம். எந்த வண்டியை முகர்ந்தாலும், "இங்க வந்து நில்லுடா" என்று தம்பியைப் பக்கத்தில் கூப்பிடுவான். கூடவே குனியச் சொல்வான். எல்லார் முன்னாலும் எடுபிடி மாதிரி நிற்க வைக்கிறானே என்று தம்பி வெந்துபோயிருந்தான். இப்போது விளங்கிவிட்டது. காய்ச்சல் மூக்கைத் தின்றுவிட்டது. ஒரு வருஷமாக அண்ணன் முகர்ந்ததெல்லாம் தம்பியின் முகத்தை. சின்ன வயசிலிருந்து பார்த்த முகம். பெட்ரோல் வாடைக்குக் கண் இடுங்கும், முட்டை நாற்றத்துக்கு மேலுதடு ஏறும், எரிந்த ஆயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். தம்பிக்கே தெரியாத இந்தக் கணக்கெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். தம்பிக்கும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. சாப்பிட உட்காரும்போது, "கம்பி, தண்ணி எடுத்துட்டு வாடா" என்று மூக்கன் குரல் கொடுத்தான். அதோடு போய்விட்டது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்து பார்த்தான். ஒரு குறையும் இல்லாத கார் ஒன்று, வெறும் ஆயில் மாற்ற வந்தது. மூக்கன் வழக்கம்போலக் கூப்பிட்டான். தம்பி குனிந்து, வேண்டுமென்றே கண்ணை இடுக்கினான். "பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது சார், பாத்துரலாம்" என்றான் மூக்கன், கொஞ்சமும் தயங்காமல். தம்பி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தான். அண்ணனே ஒரு கம்ப்யூட்டராகிவிட்டான், தான் அதன் சென்சார். இதைவிட என்ன வேண்டும்?

வேன்காரம்மா ஒரு காலையில் தானே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்கப் பக்கத்துத் தெருவில் அவர் வீட்டு வாசலில் நின்ற வேன், குழாய்கூட இன்னும் சரியாகச் சூடேறவில்லை. வேறொரு இடத்தில் அதற்கு இரண்டு தடவை சென்சார் மாற்றிவிட்டார்களாம். எச்சரிக்கை விளக்கு அணைந்தபாடில்லை, பெட்ரோலும் தண்ணீராகப் போகிறதாம். "ரெண்டு பேரும் பாருங்க. யார் சொல்றது சரியோ, நம்ம வண்டி அத்தனையும் அவர் பொறுப்பு" என்றார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்து சூழ்ந்து நின்றார்கள்.

தம்பி முதலில் ஒரு காரியம் செய்தான். காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓடவிட்டான். மூக்கனுக்குக் காது நன்றாகக் கேட்கும். வேன் உள்ளே வரும்போதே இன்ஜின் பக்கத்திலிருந்து தன் காதில் விழுந்த சின்னச் சத்தத்தை அவன் பிடித்துவிடக்கூடாது. டயருக்குக் காற்று வேண்டும் என்று ஒரு சாக்கு.

"இங்க வந்து நில்லுடா."

தம்பி போய் நின்றான். குழாயிலிருந்து வந்தது சுத்தமான பெட்ரோல் வாடை. கண்ணைக் கரித்தது, தொண்டையில் இறங்கியது. ஐந்தடி தள்ளி நின்ற முதலாளியே இருமினார். இடுங்கத் துடித்த கண்களைத் தம்பி பாடுபட்டு விரியத் திறந்து வைத்தான். மேலுதட்டை மட்டும் மெல்ல ஏற்றினான். மூக்கன் அதைப் பார்த்தான். ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வேன்காரம்மாவைப் பார்த்து முழுத் தைரியத்தோடு சொன்னான்.

"முட்டை நாத்தம்மா. கன்வர்ட்டர் போச்சு. புதுசுதான் போடணும்."

 வேன்காரம்மா ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். "முட்டையா? எனக்கு இங்கருந்தே பெட்ரோல் வாடையில தலை வலிக்குதே" என்றார்.

டயர்காரர் மெதுவாக, "ஆமா, பெட்ரோல்தான்" என்றார். இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல் துணியால் வாயைப் பொத்தினான். மூக்கன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தம்பிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் குழம்பிப்போய்ப் பார்த்தான்.

"நீ ஒதட்டத் தூக்குனியேடா" என்றான்.

அவ்வளவு பேர் நடுவில் அந்த வார்த்தை வந்து விழுந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று மூக்கனுக்கே அதன்பிறகுதான் உறைத்தது.

"தூசிண்ணே. தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு" என்றான் தம்பி, படு மரியாதையாக. "ஏண்ணே, ஒங்களுக்கு வாடை தெரியலையா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தானா? இல்லை. கம்ப்ரஸரை நிறுத்தினான். மெஷினைச் செருகினான். சென்சார் எந்நேரமும் ஆக்சிஜன் அதிகம் என்றே சொல்கிறது என்று முதலாளிக்குக் காட்டினான். பிறகு இன்ஜினிலிருந்து குழாய் புறப்படும் மூட்டில், சென்சாருக்குச் சற்று முன்னால், சோப்புத் தண்ணீரை ஊற்றினான். குமிழ் குமிழாகக் கிளம்பியது. "சென்சார் பொய் சொல்லலம்மா. இந்த ஓட்டை வழியா புகை விட்டு விட்டு வெளிய வருது, அந்த இடைவெளியில வெளிக்காத்து உள்ள போகுது, அதைப் பாத்துட்டு ஆக்சிஜன் ஜாஸ்திங்குது. அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கு. நீங்க எத்தனை சென்சார் மாத்தினாலும் இதான். ஓட்டையை அடைக்க மூட்டுல ஒரு கேஸ்கெட் போட்டாப் போதும்."

வேன்காரம்மா சாவிக் கொத்தைத் தம்பியின் கையில் கொடுத்தார். முதலாளி எழுந்து போகும்போது மூக்கன் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒருவன் டீசலில் நனைத்த துணியைக் கொண்டுவந்து, "அண்ணே, இது சென்ட்டா, மோந்து சொல்லுங்க" என்றான். இன்னொருவன் காலி டப்பாவை நீட்டினான். இத்தனை வருஷம் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தவனிடம் இப்போது ஆளுக்கொரு பாக்கியைத் தீர்த்துக்கொண்டார்கள். புதிதாகப் பொறுப்புக்கு வந்த தம்பி ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நின்றிருக்கும். அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்தோடு மூக்கன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

வீட்டில் அண்ணிக்கும் விஷயம் தெரிந்தது. "அடிப்பிடிச்ச வாடை வீசுனதைக்கூட நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாரு தம்பி. மனுஷன் திருந்திட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், அதுவும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி வெளியே போயிருந்தாள். தம்பி தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்தபோது, மூக்கன் சமையலறையில் கையில் டம்ளரோடு நின்றிருந்தான். ஒர்க்‌ஷாப்பை விட்டபிறகு அவன் தம்பியிடம் பேசியதே இல்லை. இப்போது டம்ளரை நீட்டினான்.

"பால் கெட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுடா. எனக்குத் தெரியல."

குரல் தாழ்ந்திருந்தது. தம்பி குனிந்தான். குனியும் முன்பே புளித்த வாடை குப்பென்று அடித்தது. அவன் முகம் அசையவில்லை. அசையாமல் வைத்திருக்க அதற்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. ஜெயித்தாகிவிட்டது, பொறுப்பு கைக்கு வந்தாகிவிட்டது, இந்தப் பாலில் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணன் அப்படிக் கையேந்தி நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே என்று தோன்றியது.

"நல்லாத்தான் இருக்குண்ணே. குடிங்க."

மூக்கன் குடிக்கவில்லை. தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாலைத் தொட்டியில் ஊற்றினான். அது திரிந்து கட்டி கட்டியாக விழுந்தது.

"மூக்குதான்டா போச்சு. நாக்கு இருக்கு. வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் ஒங்கிட்ட நீட்டுனேன்" என்றான். "தூசின்னு சொன்னியே அன்னிக்கு, ஒருவேளை நெசமா இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். ராத்திரியெல்லாம் ஒங்க அண்ணிகிட்ட அதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் அப்படிச் செய்ய மாட்டான், தூசிதான்னு."

"அண்ணே, அது வந்து..."

"இரு." மூக்கன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கையை உதறினான். "எதாச்சும் சொல்லணும்னா அந்தப் பக்கம் சுவத்தைப் பாத்து நின்னு சொல்லு. ஒன் மூஞ்சிய நம்பித்தான் நான் ஒரு வருஷம் ஓட்டுனேன். இனிமே அதைப் பாக்க என்னால முடியாது."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.  முதுகுக்குப் பின்னால் அண்ணன் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வெளியே போனான்.