வேண்டப் பயந்தவள்

பிடரியில் அந்த இளஞ்சூடு மறுபடியும் வந்து படிகிறது, யாரோ மிக நெருங்கிப் பின்னால் நின்று மூச்சுவிடுவதுபோல, திரும்பினால் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர்தான் என்று கிருபாவதிக்குத் தெரியும், ஆனாலும் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இது ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது, ஏழு மாதத்துக்கு முன்னால், கணவர் தேவசகாயம் விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, கட்டிலடியில் முழங்காலிட்டு, அவரை எனக்குத் திருப்பித் தாரும் ஆண்டவரே என்று மன்றாடியவளின் பின்னால் இப்படித்தான் வந்து நின்றது, கேட்டுவிட்டார், கேட்டுவிட்டார் என்று பூரித்துப்போய் நாத்தனார் ரூபியிடம், உங்க அண்ணன் எழும்பிருவாங்க, நீ வீட்டுக்குப் போய்க் கஞ்சி வச்சு எடுத்துட்டு வா என்று அவளே அனுப்பிவைத்தாள், கஞ்சி வந்து சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

அதன்பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்பாள், உதடு மட்டும் அசையும். இன்று எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு அப்பால் ஒன்பது வயது மகள் பெனிட்டாவின் நெஞ்சைத் திறந்து இதயத்தின் ஓட்டையை அடைக்கிறார்கள், எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள், மூன்று மணி நேரம் என்றார்கள், இப்போது மணி ஒன்றரை, மைனி, ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்களேன் என்று ரூபி கெஞ்சுகிறாள், மாட்டேன் ரூபி, நான் கேட்டா எடுத்துருவாரு என்கிறாள், தள்ளுவண்டியில் படுத்தபடி, அம்மா நீயும் வருவியா என்று பிள்ளை கேட்டதும், தேவசகாயத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, எது இன்று, எது அன்று என்று பிரிக்க முடியவில்லை, போயிரும் ஆண்டவரே, போன தடவையும் இப்பிடித்தான் வந்தீரு என்று வாய்க்குள் அவரை விரட்டுகிறாள்.

அவர் போகவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, அன்று மூச்சு நின்ற பிறகும் அந்தச் சூடு போகவில்லை, அழக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோதும், ஆம்புலன்ஸில் உடலோடு வந்தபோதும் முதுகோடு இருந்தது, அவள்தான் உதறினாள். பிள்ளையைத் தருவேன் என்றோ மாட்டேன் என்றோ அது சொல்லவில்லை, பயமும் குறையவில்லை, எனக்குக் கேக்கப் பயமா இருக்கு, எம்பிள்ள அங்க தனியா கிடக்கா, அவகிட்ட போய் நில்லும் என்றாள். சட்டென்று பிடரி குளிர்ந்துபோனது. அனுப்பிவிட்டோமே என்றிருந்தது, யாரும் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தைப்போல வாழ்க்கையில் அவள் எதற்கும் பயந்ததில்லை, ரூபியின் கையைக் கன்றிப்போகுமளவு பிடித்திருந்தாள்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. நல்லபடியா முடிஞ்சிட்டும்மா, கொஞ்சம் ரத்தப்போக்கு, அதான் நேரமாயிட்டு, இன்னும் மயக்கத்துலதான் இருக்கா, சாயங்காலம் பாக்கலாம் என்றார் டாக்டர். ரூபி சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். எழுந்த கிருபாவதி, ரூபியின் தோளில் சாய்ந்து, உங்க அண்ணன் போயிட்டாங்க ரூபி, போயிட்டாங்க என்று, ஏழு மாதமாக வராத அழுகையை அழுதாள்.