கடினத் தாள்

அறிவியல் ஆசிரியர் ராம்ஸ்டன் சார் படிவத்தை என் பக்கம் நகர்த்திப் பேனாவையும் நீட்டினார். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு ஆசிரியர் மேசையிலும் ஐந்து நிமிடம்தான். டிசம்பர் மாதிரித் தேர்வில் என் மகள் கீலி அறிவியலில் தட்டுத் தடுமாறியிருந்தாள். மே மாதப் பொதுத்தேர்வில் அவள் எளிய தாள் எழுதட்டும் என்றார். அதில் ஐந்தாம் தரம் வரை வாங்கலாம், அவள் கேட்கும் படிப்புக்கு நான்கே போதும். கடினத் தாளில் ஒன்பது வரை போகலாம், ஆனால் நான்கை ஒட்டிக்கூட வராவிட்டால் தரமே கிடையாது. பொறுமையாகத்தான் சொன்னார். என் காதில்தான் ஏறவில்லை.

எளிய தாளைப் பற்றி எனக்கா தெரியாது? தொண்ணூற்றாறில் இதே கிரிம்ஸ்பி ஊரில் கணக்குக்கு என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். அப்போது தரம் எண்ணில் இல்லை, எழுத்தில்; அத்தனை விடையும் சரியாக இருந்தாலும் 'டி'க்கு மேல் தராத தாள். நர்சிங் படிக்க 'சி' வேண்டும் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிந்தது. இருபத்தேழு வருடமாக முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, என்னில் பாதி வயது நர்ஸ் ஏவும் வேலையைச் செய்கிறேன். இப்போது விதி மாறிவிட்டது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் நம்பிவிட வேண்டுமா? எங்கள் தெருப் பிள்ளைகள் என்றாலே இவர்களுக்கு இளக்காரம் என்று கொதித்தது.

"எனக்கு நாலு போதும்மா," என்றாள் கீலி. "நாய் பூனைக்கு நர்ஸ் ஆகறதுக்கு அதுவே போதும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க."

"உன்ன நீயே மட்டமா நெனச்சா மத்தவன் தூக்கியா வைப்பான்?"

கடினத் தாள் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். இன்னொரு தரம் யோசியுங்கள் என்றார் ராம்ஸ்டன். யோசித்தாயிற்று என்றேன். பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஏப்ரல் முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தேர்வில் மூன்றாம் பக்கத்துக்கு மேல் ஒன்றும் புரியவில்லை என்பதைத் தோழி பெக்காவிடம்தான் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லை.

ஆகஸ்டில் அதே கூடத்தில் ரிசல்ட் உறைகளைக் கொடுத்தார்கள். எளிய தாள் எழுதிய பெக்காவுக்கு ஐந்து. கீலியின் ரிசல்ட் தாளில் அறிவியலுக்கு நேரே 'யூ'. தரம் போடவே லாயக்கில்லை என்று அர்த்தம். ராம்ஸ்டன் என்னைக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அடுத்த மே மாதம் மறுபடி எழுதலாம், ஆனால் காலேஜ் இடம் அதுவரை இருக்காது என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும், ஒரு வருஷம்தானே, திரும்ப எழுதிவிடலாம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எழுதறேம்மா," என்றாள். கோபமே இல்லை. "எந்தத் தாள்னு நீயே சொல்லிடு, அதையே எழுதறேன்."

அதற்குள் பெக்காவின் அம்மா தன் போனைக் கீலி கையில் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். பிள்ளைகள் சுவரோரம் ரிசல்ட் தாள்களைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கீலி இரண்டடி பின்னால் போய், எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, என்னைத் தள்ளி நிற்கும்படி கையசைத்தாள்.